இருமும் நாயின் ரத்தம் சொல்லும் செய்தி

வளர்ப்பு நாய் நாள்கணக்கில் இருமினால் பலரும் முதலில் நாடுவது ஆன்டிபயாடிக் மருந்தைத்தான். ஆனால், இருமல் ஒரு நோயன்று, அறிகுறி மட்டுமே. மூச்சுக்குழாய் அழற்சி, பாக்டீரியா நிமோனியா, இதயச் செயலிழப்பால் நுரையீரலில் நீர் கோத்தல், கொசுவால் பரவும் இதயப்புழு என எதுவும் இருமலாக வெளிப்படலாம். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. இவற்றுள் பாக்டீரியா நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக் அவசியம்.

நுரையீரலின் உள்ளிருந்து மாதிரி எடுத்துச் சோதிப்பதே துல்லியமான வழி. அதற்குப் பெரும்பாலும் மயக்க மருந்து தேவை. மூச்சுத் திணறும் நாய்க்கு அதுவே ஆபத்தாகிவிடலாம். இங்கேதான் ரத்தக் குறியீடுகள் கைகொடுக்கின்றன.

அவற்றுள் முக்கியமானது, கல்லீரல் சுரக்கும் சி-ரியாக்டிவ் புரதம். 1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்தபோது இது கண்டறியப்பட்டது. உடலில் கடும் அழற்சி தோன்றினால் நாய்களிலும் ஒரு நாளுக்குள் இதன் அளவு பன்மடங்கு உயரும். அழற்சி தணிந்தால் விரைந்து குறையும். பாக்டீரியா நிமோனியாவில் இப்புரதம் மிக அதிகமாகவும், நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சியில் குறைவாகவும் இருப்பதைப் பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர். புரத அளவு இயல்புக்குத் திரும்பியதைக் கொண்டு ஆன்டிபயாடிக்கை நிறுத்தியபோது, சிகிச்சைக் காலம் சுருங்கியது. நோய் மீண்டும் தாக்குவது அதிகரிக்கவில்லை.

இருமலுக்கு மூலம் இதயமா, நுரையீரலா என்ற ஐயத்துக்கு உதவுவது மற்றொரு குறியீடான என்டி-புரோபிஎன்பி. இதயத் தசை அதிகமாக இழுபடும்போது இது ரத்தத்தில் கூடும். மூச்சுத் திணறும் நாயில் இதன் அளவு குறைவாக இருந்தால், இதயச் செயலிழப்பு காரணமாக இருக்கும் வாய்ப்பு குறைவு.

எனினும், எந்த எண்ணும் தனித்துத் தீர்ப்பளிப்பதில்லை. கணைய அழற்சி, கருப்பைத் தொற்று, அறுவைச் சிகிச்சை ஆகியவற்றாலும் சி-ரியாக்டிவ் புரதம் உயரும். சிறுநீரகக் கோளாறு என்டி-புரோபிஎன்பியை உயர்த்தும். மனிதர்களுக்கான சோதனைக் கருவி நாயின் புரதத்தைச் சரியாக அளவிடும் என்ற உறுதியும் இல்லை. நாய்களுக்கென நிறுவப்பட்ட சோதனையே நம்பகமானது. மருத்துவரின் நேரடிப் பரிசோதனையோடும் எக்ஸ்ரே படத்தோடும் சேர்த்தே முடிவுகளை வாசிக்க வேண்டும்.

தேவையற்ற ஆன்டிபயாடிக் நாய்க்கு மட்டும் தீங்கிழைப்பதில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகள் நாயிடமிருந்து அதே வீட்டில் வாழும் மனிதருக்கும் பரவக்கூடும். எனவே, வீட்டில் மிஞ்சிய மாத்திரையை நாய்க்குக் கொடுக்காமல், ரத்தப் பரிசோதனை உதவுமா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்பதே அதற்கும் நமக்கும் நல்லது.