விசா கேட்காத நாட்டுக்கு இன்சூரன்ஸ் தேவையா? வெளிநாட்டு டூர் கிளம்பும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிலாளர்கள் கவனத்துக்கு!

ஆலையில் ஷட்டவுன் தேதி நோட்டீஸ் போர்டுக்கு வந்துவிட்டால் போதும், கம்பெனி பஸ்ஸில் பேச்சு டூர் பக்கம் திரும்பிவிடும். முன்பெல்லாம் கொடைக்கானல், மூணாறு, ரொம்பப் போனால் கோவா. இப்போது பாங்காக், கோலாலம்பூர், கொழும்பு. இருங்காட்டுக்கோட்டையில் இருந்து மீனம்பாக்கம் ஏர்போர்ட் ஒரு மணி நேரப் பயணம்தான். 2023 நவம்பரில் தாய்லாந்தும், அதே ஆண்டு டிசம்பரில் மலேசியாவும் இந்தியர்கள் விசா இல்லாமல் வரலாம் என்று கதவைத் திறந்துவிட்ட பிறகு, நாலு நண்பர்கள் சேர்ந்து டிக்கெட் போட்டுக் கிளம்புவது சாதாரண விஷயமாகிவிட்டது.

இதில்தான் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஐரோப்பாவுக்குப் போக ஷெங்கன் விசா கேட்டால், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறது என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் விசா கிடையாது. அதனால் ஐரோப்பா போகிறவர் எல்லோரிடமும் பாலிசி இருக்கும். விசாவே கேட்காத நாட்டில் பாலிசியை யார் கேட்பது? யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் எடுப்பதும் இல்லை. கேட்கவில்லை என்பதற்காகத் தேவையில்லை என்று ஆகிவிடுமா?

நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் கார்டுகள் போதாதா?

"இஎஸ்ஐ இருக்குல்ல, கம்பெனி மெடிக்ளெய்ம் இருக்குல்ல, அப்புறம் எதுக்கு இது?" இந்தப் பகுதியில் இதுபற்றிப் பேச்செடுத்தாலே வரும் முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வியும்கூட.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இஎஸ்ஐ. அதன் மருத்துவ வசதி என்பது இங்கே உள்ள இஎஸ்ஐ மருந்தகங்கள், மருத்துவமனைகள், அவர்கள் அனுப்பி வைக்கும் மருத்துவமனைகள் வழியாகக் கிடைப்பது. சுற்றுலா போன இடத்தில் பட்டாயா தனியார் மருத்துவமனை போடும் பில்லை அது கட்டாது. அதற்கு மேல் சம்பளம் வாங்கும் நிரந்தரத் தொழிலாளர்களுக்குக் கம்பெனி எடுத்துத் தரும் குழு மெடிக்ளெய்ம் பெரும்பாலும் இந்தியாவுக்குள் மட்டும் செல்லும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையும் அப்படித்தான், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளோடு முடிந்துவிடும்.

வெளிநாடு போகிறவர்களுக்கு அரசே ஒரு இன்சூரன்ஸ் வைத்திருக்கிறதே என்று சிலர் சொல்வதுண்டு. பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்பது அதன் பெயர். 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு, பிரீமியம் இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். ஆனால் அது குடிபெயர்வு அனுமதி பெற்று வேலைக்குப் போகிறவர்களுக்கான திட்டம். சுற்றுலா போகிறவருக்கு அது கிடைக்காது.

கொரியாவுக்கோ ஜப்பானுக்கோ ஜெர்மனிக்கோ ட்ரெயினிங் அனுப்பும்போது கம்பெனி ஒரு பயணக் காப்பீடு எடுத்திருக்கும். ட்ரெயினிங் முடிந்து, லீவு போட்டு நாலு நாள் ஊர் சுற்றிவிட்டு வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நாலு நாளுக்கும் அந்த பாலிசி பொருந்துமா? கிளம்பும் முன்பே ஹெச்ஆரிடம் மெயிலில் கேட்டு, பதிலையும் மெயிலிலேயே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

பாலிசியில் முதலில் எதைப் பார்ப்பது?

மருத்துவத் தொகை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். லக்கேஜ் தொலைந்தால் இவ்வளவு, விமானம் தாமதமானால் இவ்வளவு என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். பெட்டி தொலைந்தால் யாரும் கடனாளி ஆவதில்லை. வெளிநாட்டு ஐசியுவில் ஐந்து நாள் இருந்தால் வீட்டுப் பத்திரம் அடகுக்குப் போய்விடும்.

தொகை பொதுவாக டாலரில் இருக்கும். 50,000 டாலர் என்பது இன்றைய மதிப்பில் 40 லட்சம் ரூபாய்க்கு மேல். தென்கிழக்காசிய நாடுகளுக்கு இதற்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. அமெரிக்கா என்றால் கணக்கே வேறு, அங்கே இதைப்போலப் பல மடங்கு வேண்டும். ஒரு வாரம் தாய்லாந்து போய்வரும் 30 வயதுக்காரருக்குச் சில நூறு ரூபாயிலேயே பாலிசி கிடைக்கிறது. டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கும் சாக்லேட் பில் இதைவிட அதிகம் வரும்.

அடுத்து, 'டிடக்டிபிள்' என்று ஒரு வரி இருக்கும். பில்லில் முதல் இவ்வளவு தொகை உங்களுடையது, அதற்கு மேல்தான் எங்களுடையது என்று கம்பெனி சொல்வது. 100 டாலர் டிடக்டிபிள் என்றால், 8,000 ரூபாய்க்கு மேல் நம் பாக்கெட்டில் இருந்து போய்விடும். சாதாரண காய்ச்சல், வயிற்றுப்போக்குக்கு டாக்டரைப் பார்த்தால் பில்லே அந்த அளவுக்குத்தான் வரும், க்ளெய்மில் ஒன்றும் தேறாது. (டிடக்டிபிள் என்பதற்கு 'கழிக்கத்தக்கது' என்று ஒரு பாலிசி ஆவணத்தில் மொழிபெயர்த்திருந்தார்கள். தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கே உரை தேவைப்படும் தமிழ் அது.)

பாலிசி எந்த நாடுகளுக்குச் செல்லும் என்பதையும் பார்க்க வேண்டும். 'ஆசியா, ஜப்பான் நீங்கலாக' என்று ஒரு பிளான் உண்டு. விலை குறைவு என்று அதை எடுத்துவிட்டு டோக்கியோவில் இறங்கினால் அது வெறும் காகிதம்தான்.

டிக்கெட் புக் செய்யும் ஆப்பில் கடைசித் திரையில் 'டிராவல் இன்சூரன்ஸ் சேர்க்கவும்' என்று ஒரு கட்டம் வரும். அதில் டிக் அடித்தால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அது முழு மருத்துவக் காப்பீடா, விமான ரத்து, லக்கேஜ் மட்டும்தானா என்று திறந்து படிக்க வேண்டும். நாம் தொடாமலே அந்தக் கட்டத்தில் டிக் விழுந்திருந்தால் அது தவறு. கேட்காத பொருளைக் கூடையில் போடும் இந்த வேலைக்கு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட 'டார்க் பேட்டர்ன்' விதிகளில் தடை இருக்கிறது.

ஸ்கூட்டர் சாவியைக் கையில் வாங்கும் முன்...

க்ளெய்ம் கவிழும் இடங்களில் முக்கியமானது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு ஆலைகள் இருக்கின்றன. பைக் இந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை. ஃபூகெட்டில் இறங்கியதும் வாடகை ஸ்கூட்டர் எடுப்பதுதான் முதல் வேலை. அங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும், அதனால் பயமும் இருக்காது. கடைக்காரர் லைசென்ஸ் கேட்க மாட்டார். போலீஸ் பிடித்தால் அபராதம் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்று உடன் வந்தவர் சொல்வார்.

இன்சூரன்ஸ் கம்பெனி அப்படி விடாது. விபத்து என்று க்ளெய்ம் போனால், அந்த நாட்டில் அந்த வண்டியை ஓட்டச் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்ததா, ஹெல்மெட் போட்டிருந்தாரா, மது குடித்திருந்தாரா என்ற மூன்று கேள்விகள் வரும். மருத்துவமனை ரத்தப் பரிசோதனை எடுத்திருக்கும். மூன்றில் ஒன்றில் சறுக்கினாலும் மொத்தப் பில்லும் நம் தலையில் விழ வாய்ப்பு இருக்கிறது. சில பாலிசிகளில் வாடகை பைக் ஓட்டுவதே விலக்குப் பட்டியலில் இருக்கலாம்.

தாய்லாந்தில் ஓட்ட, நம் லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் ஆர்டிஓ, அதாவது டிஎன் 87 அலுவலக எல்லைக்குள் வருபவர்கள் அங்கேயே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். அதில் இருசக்கர வாகனப் பிரிவுக்கும் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கார் பிரிவுக்கு மட்டும் இருந்தால் பைக்குக்கு அது உதவாது.

வியட்நாம் போகிறவர்களுக்கு இந்த வழியும் இல்லை. இந்தியா கொடுக்கும் அனுமதி 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படியானது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா உடன்படிக்கைப்படி வழங்கப்படுவதை. ஆக, இங்கே 1,000 ரூபாய் கட்டி முறையாக வாங்கிப் போனாலும், ஹனோயில் அதை வைத்து பைக் ஓட்டினால் லைசென்ஸ் இல்லாதவர் கணக்குத்தான். அங்கே வண்டியை வேறொருவர் ஓட்ட, நாம் பின்னால் உட்காருவது உத்தமம்.

இன்னொன்று. வாடகைக் கடையில் டெபாசிட்டாக பாஸ்போர்ட்டைக் கேட்டால் கொடுக்காதீர்கள். வண்டியில் ஒரு கீறல் விழுந்தாலும் அதை வைத்துத்தான் பேரம் பேசுவார்கள்.

பாராசெய்லிங், ஸ்கூபா டைவிங் போன்றவற்றுக்கும் இதே கவனம் வேண்டும். 'சாகச விளையாட்டு' என்று தனியாகச் சேர்த்தால்தான் பல பாலிசிகளில் காப்பீடு உண்டு.

சுகர், பிபி இருந்தால் சொல்லணுமா?

கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பல வருடம் நைட் ஷிஃப்ட் பார்த்து 35 வயதிலேயே பிபி மாத்திரை போடுகிறவர்கள் இந்தப் பக்கம் குறைவில்லை. "சொன்னா பிரீமியம் ஏறிடும்" என்று மறைப்பார்கள். வெளிநாட்டு மருத்துவமனையில் டாக்டர் கேட்டதும் "அஞ்சு வருஷமா மாத்திரை சாப்பிடுறேன்" என்று உண்மையைச் சொல்லிவிடுவார்கள். அது கேஸ் ஷீட்டில் ஏறும், க்ளெய்ம் அதிலேயே அடிபடும்.

சொன்னால் மட்டும் எல்லாம் கிடைத்துவிடாது. சாதாரண பாலிசிகளில் ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காப்பீடு இருக்காது, அல்லது உயிருக்கு ஆபத்தான அவசர நிலைக்கு மட்டும், அதுவும் ஒரு வரம்புக்குள் இருக்கும். முதல் விமானப் பயணமாக அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறவர்கள், முன்னிருக்கும் நோய்களுக்கும் சேர்த்துக் காப்பீடு தரும் பிளானைத் தேடி எடுக்க வேண்டும். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சில பிளான்களில் அறை வாடகைக்கு இவ்வளவு, அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என்று உள்வரம்பு இருக்கும். மொத்தத் தொகை 50,000 டாலர் என்று எழுதியிருந்தாலும் அந்த உள்வரம்புதான் செல்லும்.

சொல்லச் சங்கடமான ஒன்றும் பாலிசியில் இருக்கிறது. இறந்தவரின் உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவு. உடலைப் பதப்படுத்துவது, தூதரகப் பதிவு, சரக்கு விமானக் கட்டணம் என்று அது நீளும். வாலாஜாபாத்திலோ சுங்குவார்சத்திரத்திலோ இருக்கும் குடும்பம் அந்த நேரத்தில் அதற்குப் பணம் புரட்ட முடியாது. இந்த வரி இல்லாத பாலிசியை எடுக்கவே வேண்டாம்.

புயல், போர், விமான ரத்து

2024 ஏப்ரல் 16 அன்று பெய்த பெருமழையில் துபாய் விமான நிலையம் முடங்கியது. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிப்போட்டபோது கொழும்பு விமான நிலையத்தில் இந்தியர்கள் பலர் நாள்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். இப்படி நடந்தால் குறிப்பிட்ட மணி நேரத்துக்கு மேல் தாமதம் ஆனால்தான் பாலிசி பணம் தரும். அது 6 மணி நேரமா, 12 மணி நேரமா என்று பாருங்கள். விமான நிறுவனத்திடம் தாமதத்துக்கான கடிதம் வாங்குவது அவசியம், போர்டிங் பாஸைக் கிழித்துப் போடக்கூடாது.

போர் பெரும்பாலும் விலக்கு. 2025 ஜூனில் கத்தார் வான்வெளி மூடப்பட்டது போன்ற சூழலில் பாலிசி கைகொடுக்கும் என்று நம்பிப் போக முடியாது. விமான நிறுவனமே திவாலானால்? 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் பறப்பதை நிறுத்தியது நினைவிருக்கும். அதற்கும் காப்பீடு இருக்கிறதா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும்.

பெட்டி வரவில்லையென்றால் ஏர்போர்ட்டை விட்டு வெளியே வரும் முன்பே, விமான நிறுவனத்தின் லக்கேஜ் கவுன்ட்டரில் புகார் பதிந்து அந்தச் சீட்டை வாங்கிவிட வேண்டும். 21 நாளாகியும் வராத பெட்டி தொலைந்ததாகக் கருதப்படும். மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி விமான நிறுவனமே தர வேண்டிய இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்டிஆர். நம் பணத்தில் ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய்க்கு மேல். இது உச்சவரம்புதான், எல்லாப் பெட்டிக்கும் அவ்வளவு கிடைக்காது. நகை, லேப்டாப், ரொக்கம் இவற்றைப் பெட்டியில் போட்டு செக்-இன் செய்தால் பாலிசியில் பொதுவாக ஒன்றும் கிடைக்காது.

பாலிசி கையில் இருக்கிறது, ஆபத்து வந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் பாலிசியில் உள்ள 24 மணி நேர உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். முடிந்தால் மருத்துவமனையில் சேரும் முன்பே. எந்த மருத்துவமனையில் கேஷ்லெஸ் கிடைக்கும் என்று சொல்வது அவர்கள்தான். நாமாகப் போய்ச் சேர்ந்து, டிஸ்சார்ஜ் அன்று கூப்பிட்டால் சிக்கல். பாலிசி எண்ணையும் உதவி எண்ணையும் வீட்டில் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். அடிபட்டவரின் போன் எப்போதும் லாக்கில்தான் இருக்கும்! பில்லும் டிஸ்சார்ஜ் அறிக்கையும் ஆங்கிலத்தில் கேட்டு வாங்குங்கள். தாய் எழுத்தில் உள்ள பில்லை இங்கே வந்து மொழிபெயர்க்க அலைய வேண்டியிருக்கும். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் உள்ளூர் போலீஸ் புகார், பிறகு இந்தியத் தூதரகம். ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் அங்கே தருவார்கள்.

இந்தியாவை விட்டுக் கிளம்பிய பிறகு பொதுவாக பாலிசி எடுக்க முடியாது. அங்கே போய்ப் பார்த்துக்கலாம் என்பது இதில் நடக்காது. பயணம் ரத்தானாலும் பணம் வேண்டும் என்றால் டிக்கெட் போட்ட கையோடு எடுத்துவிடுங்கள்.

க்ளெய்மை நிராகரித்தால், முதலில் அந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். ஐஆர்டிஏஐ-யின் 'பீமா பரோசா' தளத்திலும் 155255 என்ற எண்ணிலும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களை அவர் விசாரிப்பார். கம்பெனி நிராகரித்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது.