ஒய் தட்டும் முன் ஒரு நிமிடம்!

உபுண்டு லினக்ஸில் லைப்ரரி ஒன்றை நிறுவுவது எளிது. டெர்மினலில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' என டைப் செய்து, பெயரைக் கொடுத்து என்டர் தட்டுங்கள். துணை லைப்ரரிகளும் தாமாகவே வந்துவிடும்.

நீக்கும்போதுதான் கவனம் தேவை. புதிய பைதான் போட்ட பிறகு பழையது எதற்கு என்று, சிஸ்டத்துடன் வந்த பைதான் 3-க்கு 'ரிமூவ்' கொடுத்தேன். நீளமாக ஒரு பட்டியல் வந்தது. படிக்காமல் ஒய் தட்டினேன். பைதானை நம்பியிருந்த டெஸ்க்டாப் புரோகிராம்களும் சேர்ந்து போயின! மறுபடி பூட் செய்தால் கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகள். 'உபுண்டு-டெஸ்க்டாப்' பேக்கேஜை மீண்டும் நிறுவித்தான் தப்பித்தேன்.

இப்போதெல்லாம் 'ரிமூவ்' என்பதற்கு முன் ஒரு ஹைபனும் சிறிய எஸ் எழுத்தும் சேர்த்துக்கொள்கிறேன். எதையும் நீக்காமல், எவையெல்லாம் போகும் என்று மட்டும் காட்டும். சிஸ்டத்தில் உள்ள செட்டிங் ஃபைல்களும் போக வேண்டுமா? 'பர்ஜ்' கொடுங்கள். யாருக்கும் தேவைப்படாமல் தங்கிவிட்ட துணை லைப்ரரிகளை 'ஆட்டோரிமூவ்' நீக்கும். அதற்கும் முதலில் அந்த எஸ்தான்.