வீடும் வேலையும் – 7: வாசற்படியில் நின்றுவிடும் சட்டம்

2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் தேதி தேசமெங்கும் ஊரடங்கு அமலுக்கு வந்தபோது, பள்ளியும் அங்கன்வாடியும் குழந்தைகள் காப்பகமும் ஒருசேரக் கதவடைத்துவிட, சென்னையிலும் கோவையிலும் மடிக்கணினியின் முன் அமர்ந்து உத்தியோகத்தையும் குழந்தையையும் ஏககாலத்தில் கவனித்த தாய்மார்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அவர்களுடைய அவஸ்தை இக்காலத்துக்கே உரிய நூதனமான அவஸ்தை என்றுதான் பலரும் கருதினார்கள். ஆனால், தாமிரபரணிக் கரையிலுள்ள முக்கூடலிலும், மேலப்பாளையத்திலும், தென்காசிப் பக்கத்துக் கடையநல்லூரிலும் ஆலங்குளத்திலும், தாயும் மகளும் பேத்தியுமாகப் பீடி சுற்றி ஜீவனம் செய்துவரும் குடும்பங்களுக்கு அது மிகவும் பழைய சங்கதி.

அந்த வேலையின் தன்மையைச் சற்று விஸ்தாரமாகச் சொன்னால்தான், குழந்தை வளர்ப்போடு அது எந்த இடத்தில் மோதுகிறது என்பது விளங்கும். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா ஆகிய மாநிலங்களின் காடுகளில் பறிக்கப்பட்டு வருகின்ற பீடி இலையையும், புகையிலைத் தூளையும் நூலையும் பீடிக்கடையில் வாங்கிவரும் பெண், இலையை நீரில் நனைத்துப் பதப்படுத்தி, தகட்டை அளவாக வைத்துக் கத்தரியால் நறுக்கி, மடியில் கிடத்திய தட்டில் தூளை வைத்துக்கொண்டு, ஒவ்வோர் இலையாகச் சுருட்டித் தலையை மடக்கி நூலால் கட்டி, கட்டுக் கட்டாக அடுக்கி, மறுபடியும் கடையில் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. ஈரம் காய்ந்த இலை சுருட்டுகிறபோது வெடித்துவிடும்; மட்டம் என்று கடையில் கழித்துப் போட்ட பீடிக்குக் கூலி கிடையாது; கொடுத்த இலைக்குப் பீடி குறைந்தால் அந்தக் குறையும் அவள் தலையில்தான் விழும்.

கைகள் இரண்டும் இப்படி அடிமைப்பட்டுக் கிடப்பதால், உத்தரத்தில் கட்டிய சேலைத் தொட்டிலின் கயிற்றைக் கால்விரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே சுருட்டுகிற சாமர்த்தியம் அப்பெண்களுக்குக் கைவந்திருக்கிறது. அந்தக் குழந்தை தவழத் தொடங்கிய பிறகு எந்தச் சாமர்த்தியமும் பலிப்பதில்லை. கத்தரி எட்டுகிற தூரத்தில் கிடக்கிறது. தட்டைக் கவிழ்த்தால் தூள் வீணாகிறது. கவிழ்க்காவிட்டாலும், அந்த அறையின் காற்றிலேயே கலந்திருக்கும் புகையிலைத் தூளைத்தான் தாயும் சேயும் சுவாசிக்கிறார்கள். குழந்தைக்கு ஜுரம் கண்டால் உத்தியோகஸ்தர் விடுப்பு எடுப்பார். இவளுக்கோ அன்றைய பீடியும் அன்றைய கூலியும் குறைவதுதான் விடுப்பு. கணினிப் பெண்மணியும் குழந்தை உறங்கிய பின் இரவில் கண்விழித்துப் பாக்கி வேலையை முடிக்கிறவள்தான் என்றாலும், மாதச் சம்பளம் என்ற ஆதாரம் அவளுக்கு உண்டு.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1966ஆம் ஆண்டில் பார்லிமெண்டு இயற்றிய பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டுக்கு இலை வாங்கிப்போய்ச் சுற்றுகிறவளும் தொழிலாளியே என்று ஐயத்துக்கிடமின்றி ஒப்புக்கொண்டது. முதலாளிகள் அதை எதிர்த்து வழக்காடியும், 1974இல் சுப்ரீம் கோர்ட் அச்சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. ஆனால் அதே சட்டம், 'தொழிலகம்' என்பதற்கு இலக்கணம் கூறுமிடத்தில், மக்கள் குடியிருக்கும் வீட்டை விலக்கிவிட்டது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தனியறை ஒதுக்க வேண்டும் என்ற அதன் விதி தொழிலகங்களுக்கு மட்டுமே உரியதாகையால், ஊரெல்லாம் சேர்ந்து பீடி சுற்றினாலும், அந்த ஊரின் ஒரு குழந்தைக்குக்கூட அவ்வறை கிடைக்க வழியில்லாமற் போயிற்று. சுற்றுகிறவள் தொழிலாளி, ஆனால் அவள் சுற்றுகின்ற இடம் தொழிலகம் அல்ல என்ற இந்த விசித்திர நியாயத்தின் பலனை அனுபவிப்பவை, பேசத் தெரியாத சிசுக்கள்.

1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் இவ்வாறே, பீடி சுற்றும் வேலையைச் சிறுவர்க்கு ஆகாத தொழில்களின் பட்டியலில் சேர்த்துவிட்டு, குடும்பத்தாரின் துணையோடு நடைபெறும் வேலைக்கு விலக்கும் அளித்தது. தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட மூத்த பெண், அவன் தூங்குகிற நேரத்தில் பீடியின் தலையை மடக்கக் கற்றுக்கொண்டது அந்த விலக்கின் நிழலில்தான். 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், 26 வாரச் சம்பள விடுப்பும், 50 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகமும், அங்கே தாய் நாளொன்றுக்கு நான்கு முறை போய்வரும் உரிமையும் வகுத்து, விடுப்பு முடிந்த பிறகு வேலையின் தன்மை இடங்கொடுத்தால் வீட்டிலிருந்தே பணி செய்ய ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்று கூறியது. அப்படி வீட்டுக்குப் போனவளின் வேலை நேரத்தில் குழந்தையை யார் பார்ப்பார் என்பதைப் பற்றி அது மௌனம் சாதித்தது.

இம்மூன்று சட்டங்களுக்கும் அடியில் கிடப்பது ஓர் அபிப்பிராயமே: தாய் வீட்டில் இருந்தால் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள் என்று பொருள். வீட்டில் இருப்பது வேறு, கை ஓய்ந்திருப்பது வேறு. தகப்பன் வீட்டிலிருந்து வேலை செய்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாம், "அப்பா வேலையாய் இருக்கார், அங்கே போகாதே" என்று குழந்தையைத் தடுக்கவும் ஆள் இருக்கிறது. தாய்க்கு அந்தக் கதவு கிடையாது.

பரிகாரம் அசாத்தியமானதன்று. 1969இல் தில்லியில் மீரா மகாதேவன் தொடங்கிய 'மொபைல் கிரெஷஸ்' ஸ்தாபனம், கட்டட வேலை நடக்கிற இடத்துக்கே காப்பகத்தைக் கொண்டுபோய், தாய் இருக்குமிடத்துக்குக் காப்பகம் வரலாம் என்று நிரூபித்தது. 1996இல் ஜெனீவாவில் நிறைவேறிய, வீட்டுத் தொழிலாளரை மற்றத் தொழிலாளருக்குச் சமமாக நடத்தக் கோரும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 177ஆம் உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஊர்ஜிதம் செய்யவில்லை, செய்யவேண்டும். 1975 முதல் நாடெங்கும் பரவியுள்ள அங்கன்வாடிகளில், கைக்குழந்தைக்குச் சத்துமாவைக் கொடுத்தனுப்புவதோடு நில்லாமல், அக்குழந்தையைத் தாயின் வேலைநேரம் முழுவதும் வைத்துப் பார்த்துக்கொள்ளவும் தக்க ஊதியத்துடன் ஆளை நியமிக்க வேண்டும். பீடி சுற்றும் ஊர்களில் இந்த ஏற்பாட்டை முதலில் தொடங்க வேண்டும். மடிக்கணினிக்காரர்கள் தங்களுக்காகக் கேட்கும்போது, அந்த ஊர்களுக்காகவும் சேர்த்துக் கேட்க வேண்டும்.