ஸ்வீடன்காரர்கள் போட்ட கவ்பாய் வேஷம்

1995 ஜனவரியில் பிரிட்டனின் பாட்டுத் தரவரிசையில் மூன்று வாரம் முதலிடத்தை விடாமல் பிடித்துக்கொண்டது ஒரு கோமாளிப் பாட்டு. பெயர் ‘காட்டன் ஐ ஜோ’. குழுவின் பெயர் ‘ரெட்நெக்ஸ்’. வீடியோவில் கொட்டகை, வைக்கோல், அழுக்கு அப்பிய முகங்கள், கிழிசல் துணி. அமெரிக்கத் தென்மாநிலத்துப் பட்டிக்காட்டுக் கும்பல் என்றே பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். உண்மையில் அது ஸ்வீடன் ஸ்டூடியோ ஒன்றில், சில தயாரிப்பாளர்கள் சேர்ந்து உருவாக்கிய சரக்கு. அமெரிக்காவில் 25-ஆம் இடத்தைத் தாண்டவில்லை, ஐரோப்பாவில்தான் கொண்டாட்டம்.

கிராமத்து ஃபிடிலையும் டெக்னோ பீட்டையும் ஒட்டவைப்பது எளிதல்ல என்று தோன்றும். இந்தப் பாட்டில் ஒட்டியதற்குக் காரணம் மெட்டிலேயே இருக்கிறது. தென்மாநில ஃபிடில் மெட்டுகள் கச்சேரிக்காகக் கட்டியவை அல்ல, ஆடுவதற்காகக் கட்டியவை. சின்னச் சின்னத் துண்டுகள்; ஆடுகிறவர் களைக்கும்வரை அவையே திரும்பத் திரும்ப வரும். டி.ஜே.க்கு வேண்டியதும் அதுதானே! எனவே மெட்டை வளைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ‘தும்’ வைத்து, ஃபிடிலையும் பாஞ்சோவையும் அதன்மேல் ஓடவிட்டால் போதும். போனது ஒன்றுதான்: ஃபிடில்காரர் ஒவ்வொரு சுற்றிலும் வில்லைக் கொஞ்சம் மாற்றி இழுப்பாரே, அந்தக் குழைவு. இயந்திரத்துக்கு அது வராது.

பாட்டு ஸ்வீடன்காரர்களுடையதும் அல்ல. 1861-இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போருக்கும் முந்தையது. தோட்டங்களில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் பாடியது. 1882-இல் வந்த ஒரு நாவலில் இந்தப் பாட்டு இடம்பெறுகிறது. 1925-இல் டாரத்தி ஸ்கார்பரோ தமது கறுப்பின நாட்டுப்பாடல் தொகுப்பில் சேர்த்தார். எங்கிருந்தோ ஊருக்குள் வந்த ஜோ என்பவனால் தன் கல்யாணம் நின்றுபோனதாக ஒருவர் புலம்புவதுதான் விஷயம். நீனா சிமோன் 1959-இல் நியூயார்க் டவுன் ஹாலில் இதை மெதுவாகப் பாடிய பதிவு இருக்கிறது. ரெட்நெக்ஸ் வழியாக மட்டும் இந்தப் பாட்டை அறிந்தவர்கள் அதை ஒருமுறை கேட்க வேண்டும். அந்த வேகத்தில் இது ஆட்டப் பாட்டாகவே தெரியாது. இழப்பு மட்டும்தான் காதில் விழும்.

இடையில் வெள்ளையர்களின் ஃபிடில் குழுக்கள் இதை எடுத்துக்கொண்டன. 1927-இலேயே இசைத்தட்டு வந்தது. பிறகு டெக்சஸ் நடனக்கூடங்கள். தோளில் கைபோட்டு வரிசையாக நின்று, காலை உதைத்து உதைத்து ஆடுவார்கள். அங்கே 1967-இல் அல் டீன் வெளியிட்ட, பாட்டு வரியே இல்லாத ஃபிடில் பதிவுக்குத்தான் மவுசு. ஆக, ஸ்வீடன் தயாரிப்பாளர்கள் கைக்கு வரும்போது கறுப்பினப் பாடகர்களின் சுவடு பெரும்பாலும் அழிந்து, கவ்பாய் தொப்பி மட்டும் மிஞ்சியிருந்தது. அதையும் அவர்கள் கேலிச்சித்திரமாக்கினார்கள். ஏழை வெள்ளை விவசாயிகளை மட்டந்தட்டும் வசைச்சொல்லையே எழுத்து மாற்றிக் குழுவுக்குப் பெயராக வைத்தது எனக்கு இன்றும் நெருடல்தான்.

வேஷம் குரல்வரைக்கும் போனது. இடையிடையே வரும் பெண்குரல் அன்னிகா லியுங்பெரியுடையது. பல்லவியை முழங்கும் ஆண்குரல் ஸ்டூடியோ பாடகர் யோரான் டேனியல்சனுடையது. வீடியோவில் அதற்கு வாயசைத்தவர் வேறொருவர். ஆள் மாறினாலும் பாதகமில்லாத ஏற்பாடு. பின்னாட்களில் உறுப்பினர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒரு கட்டத்தில் ரெட்நெக்ஸ் குழுவையே இபே தளத்தில் விற்பனைக்கு வைத்தார்கள்.