தப்பி ஓடலாமா?

மேனாட்டுத் தத்துவ சாஸ்திரம் என்றதும் கலாசாலை மாணவர்களுக்கு ஏனோ ஒரு கலக்கம் உண்டாகிவிடுகிறது. வாயில் நுழையாத பெயர்களும், தலையைச் சுற்ற வைக்கும் தர்க்கங்களுமே அவர்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. அந்தச் சாஸ்திரத்துக்குள் பிரவேசிக்க எளிய வாசல் ஒன்று உண்டு. அது ஒரு சிறைச்சாலையின் வாசல். நம் தேசத்தாருக்குச் சிறைச்சாலை புதிதல்லவே!

கி.மு. 399-ம் வருஷம். கிரேக்க தேசத்து ஏதென்ஸ் நகரில் ஸாக்ரடீஸ் என்னும் 70 வயதுக் கிழவர் இருந்தார். சந்தையில் போகிறவர் வருகிறவரை நிறுத்தி, "தைரியம் என்றால் என்ன? நியாயம் என்றால் என்ன?" என்று கேட்பதே அவர் வேலை. எல்லாம் தெரிந்தவர்களாக வந்தவர்கள் சிறிது நேரத்தில் ஒன்றும் தெரியாதவர்களாகத் திரும்புவார்கள். இப்படிப்பட்ட மனிதரை ஊரார் எத்தனை காலம் பொறுத்திருப்பார்கள்? நகரத்துத் தெய்வங்களை நம்பவில்லை, வாலிபர்களைக் கெடுக்கிறார் என்று மூவர் வழக்குத் தொடுத்தார்கள்.

சீட்டுப் போட்டுப் பொறுக்கியெடுத்த சுமார் 500 பிரஜைகளே நீதிபதிகள். இன்னும் 30 பேர் மாறி வோட்டளித்திருந்தால் கிழவர் தப்பியிருப்பார். என்ன தண்டனை தகும் என்று குற்றவாளியே சொல்லலாம் என்பது அவ்வூர் வழக்கம். ஸாக்ரடீஸ் சொன்னது என்ன தெரியுமா? ஒலிம்பிக் பந்தயத்தில் ஜயித்தவர்களுக்குப் போல் தமக்கும் பொதுச் செலவில் விருந்திட வேண்டுமாம்! பிறகு நண்பர்களின் வற்புறுத்தலால் ஓர் அபராதத் தொகைக்கு இசைந்தார். ஆனால் மரண தண்டனையே விதிக்கப்பட்டது.

டிலாஸ் தீவுக்குச் சென்ற யாத்திரைக் கப்பல் திரும்பி வரும் வரையில் நகரில் எவரையும் கொல்லலாகாது. அந்த இடைவெளியில் ஒரு நாள் விடியுமுன்பே பால்ய சிநேகிதர் கிரீட்டோ சிறைக்குள் வந்தார். காவலாளி அவருக்கு வேண்டியவன்; பணமும் தயார்; தெஸ்ஸலி நாட்டில் அடைக்கலம் தர ஆட்களும் இருந்தார்கள். "மூன்று பிள்ளைகளை அநாதைகளாக விட்டுப் போவதா? பணத்துக்கு அஞ்சிச் சிநேகிதனைக் கைவிட்டேன் என்று ஊரார் என்னைத் தூற்ற மாட்டார்களா?" என்று கெஞ்சினார்.

கிழவருக்குக் கோபமும் இல்லை, ஆவலும் இல்லை. நாம் இதைப்பற்றி யோசிப்போம் என்றார். உடம்புக்கு நோய் வந்தால் வைத்தியனைக் கேட்போமா, ஊராரைக் கேட்போமா? நியாய அநியாயத்திலும் அறிந்தவன் வார்த்தைதானே முக்கியம்? அடுத்தபடியாக, தீமை செய்தவனுக்கும் பதிலுக்குத் தீமை செய்வது தகாது என்றார். திருக்குறள் படித்த நமக்கு இது வியப்பாயிராது. நண்பனுக்கு நன்மையும் பகைவனுக்குத் தீமையும் செய்வதே ஆண்மை என்று எண்ணிய ஏதென்ஸிலோ இது பெரும் புரட்சி. கடைசியாக, நகரத்தின் சட்டங்களே எதிரில் வந்து பேசுவதாகக் கற்பனை செய்தார். இஷ்டமில்லையென்றால் இத்தனை வருஷத்தில் எப்போது வேண்டுமானாலும் ஊரை விட்டுப் போயிருக்கலாமே. இங்கேயே வாழ்ந்து எங்கள் பயனை அனுபவித்துவிட்டு, இப்போது வேலைக்காரனைப்போல் மாறுவேஷம் பூண்டு ஓடுவாயோ என்று அவை கேட்குமாம்.

இங்கேதான் ஒரு முடிச்சு விழுகிறது. தத்துவ விசாரணையை நிறுத்தினால் விடுதலை என்று நீங்கள் சொன்னாலும் கீழ்ப்படிய மாட்டேன் என்று நியாய ஸ்தலத்தில் முழங்கியவரும் இவரேயன்றோ? அதற்குச் சில வருஷங்கள் முன்பு, முப்பது கொடுங்கோலர் ஆட்சியில், லியான் என்பவனைக் கொல்லுவதற்காகப் பிடித்து வரும்படி ஐவருக்கு உத்தரவாயிற்று. நால்வர் போனார்கள், ஸாக்ரடீஸ் நேரே வீட்டுக்குப் போனார். அப்படியானால் சட்டத்துக்குப் பணிய வேண்டுமா, கூடாதா? பண்டிதர்களுக்குள் இதைப்பற்றி வாதம் ஓயவில்லை. எனக்குத் தோன்றும் விடை இதுதான்: அநியாயம் செய்யச் சொன்னால் மறுத்தார், தம்மீது செய்யப்பட்ட அநியாயத்தைச் சகித்தார். செய்வது வேறு, படுவது வேறு.

இந்த வேற்றுமையை நம் நாட்டில் ஒருவர் நன்கு கண்டுகொண்டார். 1908-ம் வருஷம் ஜோகானஸ்பர்க் சிறையிலிருந்து வெளிவந்த காந்தியடிகள், ஸாக்ரடீஸ் நியாய ஸ்தலத்தில் பேசிய வாதத்தைச் சத்திய வீரன் ஒருவனின் கதையாகக் குஜராத்தியில் சுருக்கி எழுதி 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில் வெளியிட்டார். 1910-ல் பம்பாய் சர்க்கார் 'ஹிந்த் ஸ்வராஜ்' நூலுடன் அதையும் தடை செய்தது. 2300 வருஷங்களுக்கு முன் விஷமருந்தி மாண்ட கிழவரிடம் சர்க்காருக்கு அத்தனை பயம்! 1922-ல் ஆமதாபாத் விசாரணையில் மகாத்மா விருந்து கேட்கவில்லை. அதிகபட்ச தண்டனையைக் கேட்டார். கிடைத்தது ஆறு வருஷம்.

ஆனால் இருவருக்கும் ஒரு பேதம் உண்டு. ஏதென்ஸ் சட்டங்கள், நீ சம்மதித்துத்தானே வாழ்ந்தாய் என்று கேட்கலாம். அந்நிய ஆட்சியின் சட்டத்துக்கு நம்மவர் எப்போது சம்மதித்தார்கள்? ஏதென்ஸ் நகரத்து அடிமைகளும் பெண்களுமே எந்தச் சபையில் வோட்டளித்தார்கள்? லாரியம் வெள்ளிச் சுரங்கத்தில் உழன்ற அடிமை தப்பி ஓடினால், சட்டங்கள் எந்த முகத்துடன் அவனை வழிமறிக்கும்? சம்மதம் என்ற வாதம் இங்கே தளர்ந்துவிடுகிறது. காந்தியடிகள் தண்டனையை ஏற்றது உடன்பாட்டுக்குக் கட்டுப்பட்டு அல்ல. தாமே துன்பத்தை ஏற்பதால் எதிரியின் மனம் மாறும் என்ற நம்பிக்கையால்.

கிரீட்டோவின் கட்சியில் வாதாட விரும்பும் மாணவர்கள் அரிஸ்டாட்டிலைச் சாட்சிக்கு அழைக்கலாம். கி.மு. 323-ல் அவர் மீதும் தெய்வ நிந்தனைக் குற்றம் கிளம்பிற்று. ஏதென்ஸ் தத்துவத்துக்கு இரண்டாம் முறை பாதகம் செய்ய இடம் தரமாட்டேன் என்று சொல்லிக் கால்ஸிஸுக்குப் போய்விட்டாராம். அவர் ஏதென்ஸ் நகரத்துப் பிரஜை அல்லர் என்பதையும் சாட்சிக் கூண்டில் மறவாமல் கேட்டுக்கொள்ள வேண்டும்.