தீவகத்தில் லினக்ஸ் – 7: திறக்க மறுக்கும் நிரல்

லினக்ஸ் கணினியில் ஒரு நிரலின் சின்னத்தைச் சொடுக்கியதும் சில வேளை சுட்டி கொஞ்ச நேரம் சுழன்று ஓய்ந்துவிடும். சாளரமும் வராது, பிழைச் செய்தியும் வராது. பெரும்பாலும் நிரல் காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் நிற்கிறது. மேசைத்திரை அதைக் காட்டுவதில்லை. உபுண்டு, மின்ட் போன்றவற்றில் கன்ட்ரோல், ஆல்ட், டி விசைகளைச் சேர்த்து அழுத்தினால் முனையம் திறக்கும். அங்கே நிரலின் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து இயக்கினால், மறைந்திருந்த செய்தி வரிவரியாக வெளிவரும். நிரலை அழித்து மறுபடி நிறுவுவது பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

யாழ்ப்பாணத் தீவகத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது மின்சாரத்தை. ஊர்காவற்றுறைக்குத் தேசிய மின்கட்டமைப்பு வந்து சேர்கிறது. நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்தவை. இம்மூன்று தீவுகளிலும் சூரிய ஒளி, காற்று, மின்கலம், டீசல் நான்கையும் இணைக்கும் மின்திட்டத்துக்கான உடன்படிக்கை, இந்திய நன்கொடையுடன், 2024 மார்ச் 1 அன்று கையெழுத்தானது. மின்சாரம் எங்கிருந்து வந்தாலும், யூபிஎஸ் இல்லாத மேசைக்கணினி அது நின்ற கணமே அணைந்துவிடும்.

அப்படி அணைந்தால் லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை தன் கட்டமைப்பைப் பதிவேட்டின் துணையால் மீட்டுக்கொள்ளும். ஆனால் நிரல் பாதி எழுதிய அமைப்புக் கோப்பை அதனால் முழுமையாக்க முடியாது. லிப்ரே ஆபிஸ் திறந்த வேகத்தில் மறைவதற்கு இத்தகைய பழுதான அமைப்புக் கோப்பே பெரும்பாலும் காரணம். கோப்புறையில் கன்ட்ரோல், எச் அழுத்தி மறைகோப்புகளை வரவழைத்து, அந்த நிரலின் அமைப்புக் கோப்புறைக்கு வேறு பெயர் வைத்தால் போதும். நிரல் புதியதொன்றை ஆக்கிக்கொள்ளும். அழிக்கக் கூடாது. பயர்பாக்ஸின் புத்தகக்குறிகளும் கடவுச்சொற்களும் அத்தகைய கோப்புறைக்குள்தான் இருக்கின்றன.

‘வாசிக்க மட்டும்’ என்ற பொருளில் செய்தி வந்தால் விடயம் பெரிது. வட்டில் பிழை கண்ட லினக்ஸ், சேதம் பரவாதிருக்க எழுதுவதை நிறுத்தியிருக்கிறது. முக்கிய கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துவிட்டு வட்டைச் சோதிக்க வேண்டும். இடமில்லை என்ற செய்திக்கு, குப்பைத்தொட்டியைக் காலிசெய்வதே பல வேளை மருந்து.

புதுப்பிப்பு நடக்கும்போது மின்சாரம் போயிருந்தால் மென்பொருள் பொதிகள் அரைகுறையாக நிற்கும். டிபிகேஜி என்ற கருவிக்கு ‘கன்ஃபிகர்’, ‘ஏ’ என்ற தெரிவுகளைக் கொடுத்து நிர்வாகி உரிமையுடன் இயக்கினால், விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும். ஏற்கெனவே இறங்கிய பொதிகளுக்கு இணையம் தேவையில்லை என்பதால் அலைவரிசை மெலிந்த இடத்திலும் இது கைகொடுக்கும். நூலகக் கோப்பு இல்லை என்று செய்தி வந்தால் அது அடங்கிய பொதியை மட்டும் நிறுவலாம். ஆப்இமேஜ் என்ற ஒற்றைக் கோப்பாக வரும் நிரல்களுக்கு முதலில் இயக்க அனுமதி வேண்டும்; உபுண்டு 22.04 முதல் அவற்றில் பல கேட்கும் ஃபியூஸ் 2 நூலகத்தையும் தனியே நிறுவ வேண்டும்.

எதுவும் சரிவராவிட்டால், நிர்வாகி உரிமை தரும் சூடோ கட்டளையைப் போட்டு நிரலைத் திறந்து பார்ப்பது பலருக்குப் பழக்கம். கெட்ட பழக்கம். அமைப்புக் கோப்புகள் நிர்வாகிக்குச் சொந்தமாகிவிட்டால், சாதாரணப் பயனருக்கு அந்த நிரல் பிறகு திறக்காமலே போகலாம்.

கணினியைத் தூக்கிக்கொண்டு குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகேறுமுன், முனையத்தின் கடைசிப் பத்து வரிகளைக் கைபேசியில் படமெடுத்து, விடயம் தெரிந்தவருக்கு அனுப்பிப் பாருங்கள்.