நாலு பேருக்கு ஒரு தட்டு

நியூயார்க்கில் இத்தாலியச் சாப்பாடு எங்கே என்று கேட்டால் பலரும் கைகாட்டும் இடங்களில் ஒன்று 'கார்மைன்ஸ்'. ஆர்ட்டி கட்லர் 1990இல் மன்ஹாட்டனின் மேற்குப் பகுதியில், பிராட்வே சாலையில் தொடங்கிய உணவகம். விலையைப் பார்த்ததும் பகீரென்றுதான் இருக்கும். இறைச்சி வகைகளில் பல 40 டாலரைத் தாண்டுகின்றன. ஆனால் மேசைக்கு வருவது ஓர் ஆளுக்கான தட்டல்ல, தாம்பாளம். மூன்று நான்கு பேர் வயிறாரச் சாப்பிடலாம். 'ஃபேமிலி ஸ்டைல்' என்றால் அதுதான்: நடுவில் வைத்துவிடுவார்கள், அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு பேராகப் போவது காசுக்குக் கேடு. ஆறு பேராகப் போனால் அதே விலை நியாயமாகத் தெரியும்.

"இதெல்லாம் அசல் இத்தாலியச் சாப்பாடே இல்லை" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1880 முதல் 1920களின் தொடக்கம் வரை 40 லட்சத்துக்கும் அதிகமான இத்தாலியர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். பெரும்பாலோர் தெற்கத்திக்காரர்கள், சிசிலி, கலாப்ரியா, நேப்பிள்ஸ் வட்டாரத்து ஏழைகள். ஊரில் அவர்களுக்கு இறைச்சி என்பது பண்டிகைப் பண்டம். கிடைத்த கொஞ்சம் கொத்துக்கறியோடு, ஊறவைத்த பழைய ரொட்டியைப் பிசைந்து சின்னச் சின்ன உருண்டையாக உருட்டினார்கள். அமெரிக்காவில் கூலி சொற்பம்தான் என்றாலும், கசாப்புக் கடை விலை அவர்கள் கைக்கு எட்டியது. உருண்டையில் ரொட்டி குறைந்தது, கறி கூடியது; உருண்டையும் பெருத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தக்காளிக் குழம்பு அடுப்பில் ஏறிவிடும். அதில் கறி உருண்டை, பன்றி இறைச்சி சாசேஜ், உள்ளே பூண்டும் பார்ஸ்லியும் சீஸும் வைத்துச் சுருட்டி நூலால் கட்டிய இறைச்சித் துண்டு எல்லாம் மணிக்கணக்கில் கொதிக்கும். நேப்பிள்ஸில் அந்தக் குழம்பைப் பாஸ்தாவில் ஊற்றி முதலில் சாப்பிட்டுவிட்டு, இறைச்சியைப் பிறகு தனியாக எடுப்பார்கள். அமெரிக்காவில் இரண்டும் ஒரே தட்டுக்கு வந்துவிட்டன. கத்தரிக்காயில் செய்த பார்மிஜானாவுக்குக் கோழி வந்து சேர்ந்ததும் இப்படித்தான்: நெஞ்சுக்கறியை மெல்லியதாகத் தட்டி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து, மேலே குழம்பும் உருகிய மொட்சரெல்லாவும். பசியறிந்த மக்கள் கை நிறையக் கிடைத்தபோது சமைத்த சாப்பாடு இது. அதைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வராது.

காசிருந்தாலும் உட்கார முடியாத இடமும் இதே மரபில் உண்டு. ஈஸ்ட் ஹார்லெமில் 1896 முதல் நடக்கும் 'ராவ்ஸ்'. மொத்தமே பத்து மேசைகள். 1977இல் 'நியூயார்க் டைம்ஸ்' விமர்சகர் மிமி ஷெராட்டன் மூன்று நட்சத்திரம் தந்தார், கூட்டம் அலைமோதியது. பழைய வாடிக்கையாளர்களைக் கைவிடாமல் இருக்க, இன்னாருக்கு இந்தக் கிழமை இந்த மேசை என்று ஒதுக்கிவிட்டார்கள். இடம் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் இல்லை என்றே சொல்லிச் சொல்லி, நடத்திவந்த ஃபிராங்க் பெலக்ரினோவுக்கு 'ஃபிராங்கி நோ' என்றே பெயர் நிலைத்தது. உள்ளே நுழைய முடியாதவர்களுக்கு அவர்களுடைய தக்காளிக் குழம்பு பாட்டிலில் கிடைக்கிறது. அந்தக் குழம்பை விற்கும் நிறுவனத்தை 2024இல் உணவு நிறுவனமான கேம்ப்பெல் 270 கோடி டாலருக்கு வாங்கியது.

கார்மைன்ஸ் போன்ற இடங்களில் பில்லைக் கணக்குப் போட்டுக்கொண்டே ஆர்டர் கொடுப்பது நல்லது. நியூயார்க் நகரத்தில் விற்பனை வரி 8.875 சதவீதம், டிப்ஸ் ஏறக்குறைய 20 சதவீதம். 200 டாலர் சாப்பாடு கடைசியில் 257 டாலரைத் தாண்டிவிடும். பெரிய கூட்டமாகப் போனால் பல உணவகங்கள் டிப்ஸைத் தாங்களே பில்லில் சேர்த்துவிடும், அதைப் பார்க்காமல் இன்னொரு முறை கொடுத்துவிடாதீர்கள். நான்கு பேருக்கு ஒரு சாலட், ஒரு பாஸ்தா, ஒரு இறைச்சி வகை போதும். பசி வேகத்தில் நான்காவது தட்டைச் சொல்லத் தோன்றும், சொல்ல வேண்டாம். மிச்சத்தைப் பெட்டியில் போட்டுத் தரச்சொல்லிக் கூச்சமில்லாமல் கேட்கலாம், அங்கே எல்லோரும் கேட்கிறார்கள். கறி உருண்டை மறுநாள் இன்னும் ருசியாக இருக்கும்.